“விற்றுவிடு!” - இது யார் குரல்?

“தலைமுழுகித் தொலையுங்கள் அந்த ஆளை! விலைக்குக் கேட்டால் விற்றுவிடுங்கள். கேட்பாரில்லையேல் சும்மாவேனும் அனுப்பிவிடுங்கள்!”

தீர்ப்பு இது. வழங்கிய இடம் உயர்நீதிமன்றமல்ல. போடிநாயக்கனூரிலே ஒரு தேநீர்க்கடை. கூண்டிலே நிறுத்தப்பட்டவர் கொள்ளைக்காரரல்ல, கள்ளச்சந்தைக்காரரல்ல, வாக்களித்த மக்களை ஏய்த்த வாய்ச்சொல் வீரருமல்ல. கால்பந்தாட்டக்காரர், பின்களத்திலே நின்று தம் அணியின் கோலைக் காக்கும் பணியினர். பெயர் பிரீதம் கோட்டால். பிறந்த மண் வங்கம். ஆடிய ஊர்கள் பல; அவற்றுள் கொல்கத்தா உண்டு, கொச்சி உண்டு, சென்னையும் உண்டு.

போடியிலே கால்பந்தா, ஏலக்காய் மணக்கும் ஊரிலே பந்தாட்டப் பஞ்சாயத்தா என்று வியப்போர் மலையேறிப் பார்த்ததில்லை என்று பொருள். பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். விடியுமுன் ஜீப்பிலே நெருக்கியடித்து ஏறி, ஏலத்தோட்டத்திலே பகலெல்லாம் குனிந்து காயெடுத்து, பொழுது சாயும் வேளையில் இறங்கி வரும் நம் தோழர்கள் மலையிலிருந்து கூலியை மட்டுமா கொண்டு வருகிறார்கள்? அங்குள்ள மலையாளத் தோழரிடமிருந்து ஒட்டிக்கொண்ட கால்பந்துக் காதலையும் சேர்த்தே கொண்டு வருகிறார்கள். இன்னும் உயரே, மூணாறுத் தேயிலைத் தோட்டங்களிலே, எஸ்டேட்டுக்கு எஸ்டேட் அணி கட்டி ஃபின்லே கேடயத்துக்காக மோதிய வரலாறு உண்டு. மோதியவர்களிலே தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகள் ஏராளம். எனவே மலைமேல் மஞ்சள் - கேரளா பிளாஸ்டர்ஸ். அடிவாரத்திலே நீலம் - சென்னையின் எஃப்சி. இரண்டு நிறமும் ஒரே ஜீப்பிலே ஏறினால், மேட்டை எட்டும்வரை வாய் ஓயுமா?

அந்த மஞ்சளுக்கும் இந்த நீலத்துக்கும் இடையே பந்தாடப்பட்டவர்தான் கோட்டால்.

2023 மார்ச் 18 அன்று கோவாவிலே நடந்த இறுதி ஆட்டத்தில் பெங்களூருவைப் பெனால்டி முறையில் வென்று, ஐஎஸ்எல் கோப்பையைத் தூக்கியது ஏடிகே மோகன் பகான். அந்த அணியின் தலைவர் இவர். மாலையிட்டார்கள், முழக்கமிட்டார்கள். மாலை வாடி நான்கு திங்கள்கூட ஆகவில்லை. ஜூலையிலே கொச்சியிலிருந்த சகல் அப்துல் சமத் கொல்கத்தாவுக்கு, கொல்கத்தாவிலிருந்த கோட்டால் கொச்சிக்கு. பண்டமாற்று! உப்பு கொடுத்து நெல் வாங்கிய பழங்காலத்தைப் பாடப்புத்தகத்திலே படித்தோம். இவர்கள் நடத்தியே காட்டினார்கள்.

கொச்சியிலே என்ன நடந்தது? 2024 அக்டோபர் 25 அன்று பெங்களூரு வந்து ஆடிற்று. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கோட்டால் காலிலிருந்த பந்தைப் பெரேரா டியாஸ் பறித்தார், கோலாக்கினார். முடிவு 3-1, பெங்களூருவுக்கு வெற்றி. அந்த ஒரு பறிகொடுத்தல் போதும், ஆயிரம் பேர் ஆயிரம் முறை போட்டுப் பார்த்தார்கள் அந்தப் படத்தை. அவர் அதே பருவத்தில் எத்தனை பந்துகளைத் தடுத்தார், எத்தனை முறை பிறர் விட்ட ஓட்டையை ஓடி வந்து அடைத்தார் என்பதற்குப் படம் ஏது?

தோழர்களே, போடிமெட்டுச் சாலையிலே ஆண்டுக்கணக்கில் ஜீப் ஓட்டுகிறாரே ஓட்டுநர், அவர் பெயர் எந்த ஏட்டிலாவது வந்ததுண்டா? மழையிலே, பனியிலே, முன்னே பாறை பின்னே பள்ளம் என்ற நிலையிலே, நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு உயிர்களைப் பத்திரமாக இறக்கிவிடுகிறார். செய்தி இல்லை. என்றேனும் ஒரு வளைவிலே சக்கரம் சறுக்கிவிட்டால் மறுநாள் அவர் பெயர் தெரியாதார் இல்லை. பின்களக் காவலரின் பிழைப்பும் அதுவே. கோலடிப்பவர் பத்து வாய்ப்பில் ஒன்பதை வீணாக்கலாம். பத்தாவதை அடித்துவிட்டால் தோளிலே தூக்குவார்கள். காப்பவர் பத்தில் ஒன்பதைத் தடுத்துப் பத்தாவதை விட்டாரோ, தொலைந்தார்!

இங்கே மஞ்சள் கட்சிக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாம் அடிவாரத்துக்காரர்கள் என்பதற்காக மறைக்கக் கூடாது. 2024 டிசம்பரில் அணி தோல்விமேல் தோல்வி கண்டபோது, ‘மஞ்சப்படை’ என்ற அவர்களது ரசிகர் அமைப்பு யாரை நோக்கிக் குரல் கொடுத்தது? நிர்வாகத்தை நோக்கி. ஆட்டச் சீட்டு விற்பனைக்குத் துணை நிற்க மாட்டோம் என்றே அறிவித்தது. குறி சரியான குறி! நிர்வாகம் தந்த விடை என்ன? சுவீடன் நாட்டுப் பயிற்சியாளர் ஸ்டாரேயை அனுப்பிற்று. 2025 சனவரியில் கோட்டாலையும் அனுப்பிற்று, சென்னைக்கு. சென்னையிலிருந்த பிகாஷ் யும்னம் கொச்சிக்குப் போனார். மீண்டும் பண்டமாற்று. முதலாளிமீது எறிந்த கல்லை முதலாளி இலாவகமாகத் தொழிலாளியின் தலைக்குத் திருப்பிவிடும் வித்தையை நாம் ஆலை வாயில்களிலே பார்த்ததில்லையா?

சரி, இப்போது நம் தேநீர்க்கடைத் தீர்ப்புக்கு வருவோம். “முப்பதைக் கடந்துவிட்டார், வேகம் போய்விட்டது, வேறு இளைஞனைப் போடு” என்கிறார் ஒரு தோழர். அவர் அதைச் சொல்லட்டும், தாராளமாகச் சொல்லட்டும். காசு கொடுத்துச் சீட்டு வாங்குகிறார், கண்விழித்துப் பார்க்கிறார், தோற்றால் சோறு இறங்காமல் படுக்கிறார். ஆட்டம் சரியில்லை என்று அவர் சொல்லக் கூடாதென்றால் வேறு யார் சொல்வது? களத்திலே இறக்குவதா, ஓரத்திலே உட்காரவைப்பதா என்பது பயிற்சியாளர் முடிவு. அதிலும் நமக்கு வழக்கில்லை. வழக்கு எங்கே வருகிறதென்றால், “ஆட்டமும் இல்லை, சம்பளம் மட்டும் எதற்கு? தானாகக் கிளம்பிப் போவதுதானே மானமுள்ளவனுக்கு அழகு!” என்று அதே தோழர் அடுத்த வாய்த் தேநீருக்குள் சொல்கிறாரே, அங்கே வருகிறது.

மானமாம்! மூன்றாண்டு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டவர் இருவர். ஆட்டக்காரர் நன்றாக ஆடும் காலத்தில், பாதியிலே போகிறேன் என்றால், “ஒப்பந்தம் இருக்கிறது, எங்கே போகிறாய்?” என்று மடக்குகிறது நிர்வாகம். அவர் ஆட்டம் தளர்ந்த காலத்தில் அதே ஒப்பந்தத்தைக் காட்டினால், பேராசைக்காரர் என்று ஏசுகிறது கூட்டம். கட்டுவதென்றால் கயிறு, காப்பதென்றால் காகிதமா?

மான்செஸ்டர் யுனைடெட் அணியின் ஹாரி மகுவயர் கதையைப் பாருங்கள். 2019 இல் 8 கோடி பவுன் கொடுத்து அவரை வாங்கினார்கள். பின்களக் காவலர் ஒருவருக்கு அதுவரை உலகில் எவரும் கொடுக்காத விலை. விலையை வைத்தவர் அவரல்ல, ஆனால் அந்த விலையைச் சொல்லிச் சொல்லியே அவரை அடித்தார்கள். 2023 ஜூலையில் அணித்தலைவர் பதவியைப் பறித்தார்கள். ஆகஸ்டிலே வெஸ்ட் ஹாம் அணி 3 கோடி பவுனுக்குக் கேட்டது; யுனைடெட் சரி என்றது. விற்பவர் ஒப்பினார், வாங்குபவர் ஒப்பினார். விற்கப்படுபவர் மட்டும் போகவில்லை. தமக்குச் சேர வேண்டிய கணக்கைத் தீர்க்காமல் நகர மறுத்தார் என்று அந்நாளைய ஏடுகள் எழுதின. எழுந்த ஏச்சுக்கு அளவில்லை. செப்டம்பரில் ஸ்காட்லாந்துடன் நடந்த ஆட்டத்திலே தம் கோலிலேயே பந்தைத் தட்டிவிட்டார். அரங்கமே எள்ளி நகையாடிற்று. பெற்ற தாய் பொறுக்கமாட்டாமல், என் மகனை இப்படி வதைப்பது தகுமா என்று வெளிப்படையாகக் கேட்கும் நிலை வந்தது.

ஆப்பிரிக்காவிலே கானா நாட்டு நாடாளுமன்றம் வரை போயிற்று அந்த ஏளனம். 2022 இல் ஐசக் அடோங்கோ என்ற எதிர்க்கட்சி உறுப்பினர், துணைக் குடியரசுத் தலைவர் பவுமியாவின் பொருளாதார நிர்வாகத்தை மகுவயரின் ஆட்டத்துக்கு ஒப்பிட்டுக் கிண்டலடித்தார், அவை சிரித்தது. ஓராண்டு கழித்து, 2023 நவம்பரில், அதே உறுப்பினர் அதே அவையில் எழுந்து மகுவயரிடம் மன்னிப்புக் கேட்டார்! காரணம், ஓரத்திலே உட்காரவைக்கப்பட்டவர் மீண்டும் களமிறங்கி ஆடிய ஆட்டம். அந்த நவம்பரின் சிறந்த ஆட்டக்காரர் விருதே அவருக்குத்தான் போயிற்று. பிறகு 2025 ஏப்ரல் 17 அன்று லியோன் அணிக்கெதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசிக் கணத்தில் வெற்றிக் கோலடித்தார். அதே ஆண்டு அக்டோபர் 19 அன்று லிவர்பூலின் சொந்த அரங்கிலே, 84 ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி அணியை வெல்ல வைத்தார். 2016 சனவரிக்குப் பிறகு யுனைடெட் அங்கே வென்றதே இல்லை.

அவர் திரும்பவும் வென்றார், ஆகவே அவர் செய்தது நியாயம் என்று நாம் வாதாடவில்லை. அந்தக் கோல்கள் விழாமலே போயிருந்தாலும், இறுதிவரை ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், எழுதிய ஒப்பந்தத்தின்படி சேர வேண்டியதைக் கேட்டது நியாயமே.

“கோடிக்கணக்கில் வாங்கும் சீமானுக்குத் தொழிலாளர் ஏடு வக்காலத்தா?” என்று முணுமுணுப்பு கேட்கிறது. மகுவயர் ஒரு வாரத்தில் வாங்குவதை ஏலத்தோட்டத்திலே காயெடுக்கும் அம்மையார் ஆயுள் முழுவதும் உழைத்தாலும் காண மாட்டார். உண்மை. ஆனால் ஆட்டக்காரன் கோடியிலே புரளத் தொடங்கியது நேற்றுத்தான். இங்கிலாந்திலே 1961 வரை, எத்தனை பெரிய ஆட்டக்காரரானாலும் வாரத்துக்கு 20 பவுனுக்கு மேல் கொடுக்கக் கூடாதென்று முதலாளிகள் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். வேலைநிறுத்தம் செய்வோம் என்று சங்கம் அறிவித்த பிறகே அது ஒழிந்தது. பெல்ஜியத்திலே 1990 இல் ழான் மார்க் போஸ்மான் என்பவரின் ஒப்பந்தம் முடிந்தது. லியேஜ் அணி அவர் சம்பளத்தில் முக்கால் பங்கை வெட்டிற்று. சரி, வேறிடம் போகிறேன் என்றதற்கு, வாங்கும் அணி பணம் கட்டினால்தான் விடுவோம் என்றது. ஒப்பந்தமே முடிந்த பின்னும் ஆள் அவர்கள் உடைமையாம்! ஐந்தாண்டு வழக்காடினார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் விரும்பிய இடம் போகலாம் என்றாயிற்று. அதன் பலனைக் கோடிகளாக அள்ளியவர்கள் பிறர். வழக்காடிய போஸ்மானோ வறுமையிலே விழுந்தார். சங்கத்துக்காக வேலையிழந்த பழைய தோழர்களை அறிந்தவர்களுக்கு இது புதுக்கதையல்ல.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே கோடிச் சீமான்கள் எத்தனை பேர்? 2025 ஜூலையில் ஐஎஸ்எல் பருவத்தையே நிறுத்தி வைத்தார்கள். கால்பந்துச் சம்மேளனத்துக்கும் போட்டியை நடத்தும் வணிக நிறுவனத்துக்கும் இடையிலான உடன்பாடு டிசம்பரோடு முடிகிறது, புதுப்பித்தபாடில்லை என்பது காரணம். பெரிய இடத்துப் பேரம் இழுபட்டது. அடி எங்கே விழுந்தது? ஆகஸ்டு முதல் வாரத்தில் பெங்களூரு அணி ஆட்டக்காரர்களின் சம்பளத்தையும் ஊழியர்களின் சம்பளத்தையும் நிறுத்திவைத்தது. இரண்டொரு நாளிலே நமது சென்னை அணி, பணிகளையே நிறுத்திவைப்பதாக அறிவித்தது. 2015 இலும் 2018 இலும் கோப்பை வென்ற அணி! திரை நட்சத்திரமும் கிரிக்கெட் நட்சத்திரமும் பங்குதாரர்களாக வீற்றிருக்கும் அணி! 2026 சனவரி 6 அன்று, பிப்ரவரி 14 இல் ஆட்டம் தொடங்கும் என்று ஒன்றிய விளையாட்டு அமைச்சர் அறிவிக்கும்வரை, அடுத்த ஆட்டம் எப்போது என்றறியாது காத்திருந்தவர்கள் கோட்டால் போன்றவர்கள் மட்டுமல்ல. பந்து பொறுக்கும் பையன், காலுக்கு மருந்து தடவும் உதவியாளர், சட்டை துவைப்பவர், புல் வெட்டுபவர் எல்லோருக்கும் அதே கதிதான்.

அந்த ஐந்து திங்களில் நமது தேநீர்க்கடையில் என்ன பேச்சு நடந்தது? யாரை விற்கலாம், யாரை வாங்கலாம் என்பதே பேச்சு! போடியிலே வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும்போது, கூடத்திலே உட்கார்ந்து காயின் மாதிரியை உருட்டிப் பார்த்து விலை சொல்லும் வியாபாரிகளைப் பார்த்திருக்கிறோம். அது அவர்கள் தொழில், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கூடத்துக்கு வெளியே மூட்டை சுமக்கும் தோழர் எப்போது அந்த வியாபாரியின் வாயைக் கடன் வாங்கினார் என்பதுதான் நமக்கு விளங்கவில்லை. அவர் கையிலே கிழிந்த கூலிச்சீட்டு, வாயிலே கோடிப் பேரம்!

அடுத்த ஆட்டத்துக்குப் போடியிலிருந்து இரவு ரயிலேறிச் சென்னை செல்லும் நீலச்சட்டைத் தோழர்கள், அரங்கத்திலே பிடிக்கத் துணிப்பதாகை எழுதுவது வழக்கம். “கோட்டாலை அனுப்பு” என்று எழுதத்தான் போகிறார்கள் என்றால், அதற்கு மேலே ஒரு வரிக்கு இடம் விடட்டும்: ஆகஸ்டு முதல் யார் யாருக்கு என்ன பாக்கி, எப்போது தீர்த்தீர்கள் என்று கேட்டு எழுதட்டும். துணி போதாவிட்டால், மேல்வரியை முதலில் எழுதட்டும்.