டர்போ வண்டியில் ஆட்டோமேட்டிக் கியர்: சிப் போடுவதற்கு முன் கவனியுங்கள்!

கேள்வி: ‘‘தாண்டிக்குடி மலையில் எங்களுக்குக் காபி, மிளகு, மலைவாழைத் தோட்டம் இருக்கிறது. ஆட்களையும் உரத்தையும் ஏற்றிச் செல்ல, நகையை அடகு வைத்து, பழைய டர்போ டீசல் ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கினோம். மலையேறும்போது இழுவை போதவில்லை என்று, சிப் போட்டு பவரைக் கூட்டப்போவதாக வீட்டுக்காரர் சொல்கிறார். எங்கள் மெக்கானிக்கோ, ‘கியர்பாக்ஸ் போய்விடும்’ என்கிறார். யார் சொல்வது சரி?’’

- ஒரு வாசகி, வத்தலக்குண்டு.

பதில்: மெக்கானிக் சொல்வதுதான் சரி. காரணத்தைத் தெரிந்துகொண்டால் வீட்டுக்காரரிடமும் எடுத்துச் சொல்ல வசதியாக இருக்கும்.

மேனுவல் வண்டியில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது கிளட்ச் பிளேட். ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றை ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றொன்றும் சுற்றும் அல்லவா? அதே வேலையை இங்கு எண்ணெய் செய்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாதபோது, வீணாகும் விசை எண்ணெயில் சூடாக இறங்குகிறது. வண்டி வேகம் பிடித்த பிறகு, கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பூட்டும். அப்போதுதான் சூடு குறையும்.

கியர் மாற்றுவதற்கு உள்ளே அடுக்கடுக்காகச் சிறிய கிளட்ச் பிளேட்டுகள் இருக்கின்றன. அவற்றை அழுத்திப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தம். பிடி எவ்வளவு என்பதை அழுத்தம், பிளேட்டின் பரப்பு, பிளேட்டுகளின் எண்ணிக்கை ஆகியவை முடிவு செய்கின்றன. என்ஜினின் முறுக்குவிசை அந்தப் பிடியைத் தாண்டினால் பிளேட் வழுக்கும். வழுக்கினால் சூடாகும், சூடானால் பிளேட்டின் மேல்பூச்சு கருகும், கருகினால் இன்னும் வழுக்கும். டர்போ என்ஜின் குறைந்த சுற்றிலேயே, அதுவும் திடீரென்று, முழு விசையைக் கொடுப்பதால் இந்தச் சிக்கல் அதிகம்.

சிப் என்ற பெயரில் விற்கும் மலிவான பெட்டிகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இவற்றில் பல, டீசல் அழுத்தத்தைக் காட்டும் சென்சாரின் கணக்கைக் குறைத்துக் காட்டி, கம்ப்யூட்டரை ஏமாற்றிக் கூடுதல் டீசலைப் பாய்ச்சுகின்றன. இப்போதைய வண்டிகளில், ‘இவ்வளவு விசை வருகிறது’ என்று என்ஜின் கம்ப்யூட்டர் சொல்வதை வைத்துத்தான் கியர்பாக்ஸ் தன் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. என்ஜினில் நிஜமாக வருவது 400 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸுக்குப் போகும் கணக்கு 320 என்று வைத்துக்கொள்ளுங்கள். 320-க்கு வேண்டிய பிடியோடு 400-ஐத் தாங்கச் சொன்னால் எத்தனை நாள் தாங்கும்?

இந்தப் பாடத்தை அமெரிக்காவின் பண்ணைக்காரர்கள் பல வருடங்களுக்கு முன்பே பணம் கொடுத்துப் படித்தார்கள். 1989-ல் டாட்ஜ் பிக்கப் வண்டியில் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டர்போ டீசல் என்ஜின் வந்தது. குதிரைத்திறன் 160தான்; ஆனால், முறுக்குவிசை சுமார் 540 நியூட்டன் மீட்டர். அதோடு சேர்த்துக் கொடுத்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோ, 1960-களில் பெட்ரோல் வண்டிகளுக்காக வந்த மூன்று கியர் ரகம். கன்வெர்ட்டரைப் பூட்டும் வசதியும் அதில் இல்லை. கால்நடை டிரெய்லரும் வைக்கோல் டிரெய்லரும் இழுத்த வண்டிகளில் எண்ணெய் சூடாவது பெரும் தொல்லையாக இருந்தது. பிறகு வந்த நான்கு கியர் பெட்டியையும் நம்பி கம்பெனி முழு பவரைக் கொடுக்கவில்லை. 1996 முதல் 1998 வரை, அதே என்ஜினுக்கு மேனுவலில் 215 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக்கில் 180 மட்டுமே.

அந்த என்ஜினின் டீசல் பம்பைக் கொஞ்சம் மாற்றினாலே பவர் கூடிவிடும் என்பதால், பலரும் கூட்டினார்கள். கியர்பாக்ஸ்கள் வரிசையாக விழுந்தன. அதன்பிறகுதான் அங்குள்ள பட்டறைக்காரர்கள் முறையான வழிக்கு வந்தார்கள். முதலில் பெரிய ஆயில் கூலர், சூட்டைக் காட்டும் மீட்டர். அடுத்து, வால்வு பாடியைத் திருத்தி எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டுவது. பிறகு, மூன்று பிளேட் லாக்-அப் கொண்ட கன்வெர்ட்டர், கூடுதல் கிளட்ச் பிளேட்டுகள், கெட்டியான இன்புட் ஷாஃப்ட். இத்தனையும் முடிந்த பிறகுதான் என்ஜினில் கை வைப்பார்கள். பவர் கூட்டுவதைவிட கியர்பாக்ஸுக்கு ஆகும் செலவு பல மடங்கு என்பது இதிலிருந்தே தெரியும்.

ஆட்டோமேட்டிக் என்றாலே பலவீனம் என்று நினைக்கவும் வேண்டாம். நம் ஊரில் ஓடும் 2.8 லிட்டர் டீசல் ஃபார்ச்சூனரில் மேனுவலுக்கு 420, ஆட்டோமேட்டிக்குக்கு 500 நியூட்டன் மீட்டர் என்று கம்பெனியே கொடுக்கிறது. தாங்கும் அளவுக்குச் செய்த பெட்டி தாங்கும். அந்த அளவைத் தாண்டுவதுதான் தப்பு. சட்டப்படியும், கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரும்.

சரி, இழுவைக்கு என்ன வழி? முதலில், இழுவை ஏன் குறைந்தது என்று பாருங்கள். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் விரிசல் இருக்கலாம். ஏற்றத்தில் ‘உஸ்’ என்ற சத்தமும் கரும்புகையும் அதற்கு அடையாளம். இ.ஜி.ஆர் வால்வில் கரி பிடித்திருக்கலாம். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலும் வண்டி இழுக்காது. பழைய வண்டிகளில் இவற்றைச் சரிசெய்தாலே பெரும்பாலும் இழுவை திரும்பிவிடும்.

அடுத்து, ஓட்டும் முறை. கொண்டை ஊசி வளைவுகளில் ‘டி’-யில் விட்டு அழுத்தாமல், மேனுவல் மோடுக்கு மாற்றி, இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் நிறுத்தி, என்ஜினை 2,000 சுற்றுக்குக் குறையாமல் ஓட்டச் சொல்லுங்கள். மேலும் கீழும் கியர் தாவுவது குறையும். எண்ணெய் சூடாவதும் குறையும். இறங்கும்போதும் அதே சின்ன கியர்தான். நியூட்ரலில் உருட்டவே கூடாது. ஏற்றத்தில் நிற்க வேண்டியிருந்தால், ஆக்ஸிலரேட்டரை மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிக்காமல் பிரேக்கைப் பயன்படுத்த வேண்டும். சேற்றில் சக்கரம் சிக்கினால், ‘டி’-க்கும் ‘ஆர்’-க்கும் மாற்றி மாற்றி முறுக்காமல், கல்லோ பலகையோ போட்டு எடுப்பதே நல்லது. மேலே போய்ச் சேர்ந்ததும் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைத்தால் டர்போவுக்கும் நல்லது.

சிப்புக்கு எடுத்து வைத்த பணத்தில் கியர்பாக்ஸ் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்று யாராவது சொன்னாலும், மலை ஓட்டத்துக்கு அது பொருந்தாது. கையேட்டில் ‘கடினப் பயன்பாடு’ என்று போட்டிருக்கும் கணக்கைப் பின்பற்றுங்கள். கம்பெனி சொன்ன ரகத்தைத் தவிர வேறு ஆயில் ஊற்றக் கூடாது. ஒருமுறை வடித்தால் பாதிக்கு மேல் கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும் என்பதால், கொஞ்ச நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றுவது வழக்கம். பாரம் தினமும் ஏறுகிறது என்றால், ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஆயில் கூலர் வைக்க முடியுமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். டிரெய்லர் மாட்டுவதாக இருந்தால், கையேட்டில் உள்ள எடை வரம்பைப் பார்க்காமல் மாட்ட வேண்டாம்.

கேள்வி: ‘‘பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வாங்க நினைக்கிறேன். கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?’’

- ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்.

பதில்: முதலில், அது டார்க் கன்வெர்ட்டர் வண்டியா, ஏ.எம்.டி-யா என்று கேளுங்கள். ஏ.எம்.டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் நமக்குப் பதிலாக இயந்திரமே செய்யும். அதற்கான சோதனை வேறு.

டார்க் கன்வெர்ட்டர் வண்டி என்றால், காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு ‘பி’-யிலிருந்து ‘டி’-க்கும் ‘ஆர்’-க்கும் மாற்றினால், ஓரிரு நொடியில் வண்டி பிடிக்க வேண்டும். தாமதித்து ‘தட்’ என்று விழுந்தால் சந்தேகப்படுங்கள். ஓட்டும்போது, கியர் மாறும் நேரத்தில் என்ஜின் மட்டும் உறுமி வேகம் ஏறாமல் இருந்தால், பிளேட் வழுக்குகிறது என்று அர்த்தம். சீரான வேகத்தில் லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது, சாலையின் சிறுசிறு வேகத்தடை வரிகள் மேல் போவதுபோல அதிர்ந்தால், லாக்-அப் கிளட்ச்சில் கோளாறு இருக்கலாம்.

ஆயிலைத் தொட்டு, முகர்ந்து பாருங்கள். கறுத்துக் கருகல் வாடை அடித்தால் வேண்டாம். ரோஸ் மில்க் போல இருந்தால், ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை விட்டுவிடுங்கள். சில வண்டிகளில் ஆயில் பார்க்கும் குச்சியே இருக்காது. மெக்கானிக்கைக் கொண்டு லிஃப்ட்டில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். என்ஜின் ஒயரில் சிப் பெட்டி மாட்டிக் கழற்றிய தடம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இவ்வளவையும் முடித்துவிடுங்கள்.