பீப் சத்தத்துக்குப் பிறகு

1992 நவம்பர் 16. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்ற கிராமம். விவசாயி ஒருவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடித்தர மெட்டல் டிடெக்டரோடு போனார் எரிக் லாஸ். அகப்பட்டதோ ரோமானியர் காலத்துப் பொன்னும் வெள்ளியும். கொஞ்சம் எடுத்ததுமே தோண்டுவதை நிறுத்தித் தகவல் சொல்லிவிட்டார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து அகழ்ந்தார்கள். ஏறக்குறைய 15,000 காசுகள். புதையல் இருந்த பெட்டிக்குள் எது எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதுவரை பதிவானது. சுத்தியலும் கிடைத்தது, இப்போது அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் அந்நாட்டுத் தொல்லியலாளர் பலருக்கு, கருவியோடு வயலில் அலைபவர் என்றாலே நெடுங்காலம் பாதித் திருடர்தான். இப்படி அலைபவர்களுக்கு எதிராக 1980-இல் பெரும் பிரசாரமே நடந்தது. கோபத்தில் நியாயமும் உண்டு. 1980-களில் சர்ரே பகுதியின் வான்பரோவில் ரோமானியர் காலக் கோயில் இருந்த நிலத்தைப் புதையல் திருடர்கள் குதறிப்போட்டார்கள். காசைப் பார்த்தால் காலம் தெரியும்; அதை ஏன் அங்கே புதைத்தார்கள் என்பதற்கான தடயம் சுற்றியுள்ள மண்ணில்தான் இருக்கிறது. மண் கலைந்தால் அதுவும் போச்சு.

அந்தக் கொள்ளைதான் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்கு வழிவகுத்தது. அடுத்த ஆண்டே, சின்னஞ்சிறு கண்டெடுப்புகளையும் பதிவுசெய்யும் திட்டம் தொடங்கியது. இதுவரை 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. பெரும்பாலானவை இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் தாமாகக் கொண்டுவந்து காட்டியவை. எல்லாரும் திருடர்கள் என்றால் இந்தப் பதிவேடு எங்கிருந்து வந்தது?

2015-இல் நடந்த இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் வைக்கிங் காலப் புதையல். இரண்டிலும் ஆல்ஃபிரட், சியோல்வுல்ஃப் என்ற இரு மன்னர்கள் வெளியிட்ட அரிய காசுகள். ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் வாட்லிங்டனில் கண்டவர் உடனே அதிகாரிக்குச் சொன்னார். புதையலை மண்ணோடு கட்டியாகப் பெயர்த்தெடுத்து ஆராய்ந்தார்கள். பின்னர் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் அதை 13.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. ஹெரஃபோர்டுஷயரில் கண்ட இருவரோ நில உரிமையாளருக்குக்கூட மூச்சுவிடாமல் காசுகளை விற்றார்கள். சுமார் 300 காசுகள் இருந்திருக்கும் என்பது மதிப்பீடு, மீண்டவை கொஞ்சமே. கைப்பேசியில் அவர்கள் அழித்த படங்களைக் காவல்துறை மீட்டெடுத்தது. 2019-இல் இருவரும் சிறைக்குப் போனார்கள்.

கருவியும் ஒன்று, பொழுதுபோக்கும் ஒன்று. பீப் சத்தத்துக்குப் பிறகு செய்த காரியம்தான் வேறு. அதைப் பாராமல் ஒரு கூட்டத்தையே குற்றவாளியாகச் சித்திரித்தால், நேர்மையானவரும் அருங்காட்சியகப் பக்கம் வரத் தயங்குவார். 'ஒரே நாளில் கோடீஸ்வரர்' என்று தலைப்பிடும் பத்திரிகைகளும் குறைந்த கேடு செய்யவில்லை.

சீர்செய்ய வேண்டியது சட்டத்தில் இருக்கிறது. 2010-இல் கிராஸ்பி காரட்டில் கிடைத்த ரோமானியத் தலைக்கவசம், பொன்னோ வெள்ளியோ அல்ல என்பதால் புதையல் கணக்கில் சேரவில்லை. அதனால் ஏலத்தில் சுமார் 23 லட்சம் பவுண்டுக்குத் தனியாரிடம் போனது. 200 ஆண்டுக்கு மேற்பட்ட முக்கிய உலோகப் பொருள்களையும் புதையலாகக் கருதலாம் என்ற திருத்தம் வர 2023 ஆயிற்று. அடுத்ததாக, கண்டதும் தோண்டுவதை நிறுத்தியவருக்குக் கூடுதல் சன்மானம் என்று விதி எழுதலாம்.