விமானம் ஏறிய ஓட்டுகள்



2024 பிப்ரவரி 1ஆம் தேதி இரவு ராஞ்சி விமான நிலையத்தில் நடந்த கூத்தை நினைத்துப் பாருங்கள். முதல்வர் பதவியிலிருந்து விலகிய ஹேமந்த் சோரனை அமலாக்கத் துறை முந்தைய நாள்தான் கைது செய்திருந்தது. ஆளும் கூட்டணியின் எம்.எல்.ஏ.க்கள் அவசர அவசரமாக வாடகை விமானத்தில் ஏறி அமர்ந்துவிட்டார்கள். ஏறியவர்கள் ஏறியபடியே காத்திருக்க, மூடுபனி விடவில்லை. இறங்கித் திரும்பினார்கள். மறுநாள் ஹைதராபாத்துக்குப் பறந்தார்கள். வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் திரும்பிவந்து, 5ஆம் தேதி 47 பேர் அரசுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள்.

ஓட்டுப் போட வேண்டிய இடம் ராஞ்சி. அதற்கு ஹைதராபாத் வழியாகத்தான் போக வேண்டுமா?

"எங்கள் ஆட்களை விலைபேச வருகிறார்கள், காப்பாற்றத்தான் கொண்டு போனோம்" என்கிறார்கள். அந்த அச்சம் பொய் என்று நாம் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தில் என்ன நடந்தது? கமல்நாத் அரசு அமைந்து 15 மாதம்தான் ஆகியிருந்தது. காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் தனி விமானங்களில் பெங்களூருக்குக் கொண்டு போகப்பட்டார்கள். 22 பேரின் ராஜினாமா வந்தது. மார்ச் 20ல் அரசு போனது. உலகமே கொரோனாவைப் பார்த்து நடுங்கிய அதே நாட்களில் இங்கே தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்!

ஆனால் காப்பாற்றுகிறவரும் கடத்துகிறவரும் ஒரே வகை விமானத்தையே வாடகைக்குப் பிடிக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவரை மனிதராக மதிப்பதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் கிடையாது. பூட்டி வைத்தால்தான் நாணயம் நிற்கும் என்றால், அந்த நாணயத்தின் பெயர் என்ன?

இது நேற்று முளைத்த நோயல்ல. 1995ல் குஜராத்தில் கேசுபாய் பட்டேலுக்கு எதிராகக் கிளம்பிய சங்கர்சிங் வகேலா, தம் ஆதரவு எம்.எல்.ஏ.க்களை வாடகை விமானத்தில் ஏற்றிக் காங்கிரஸ் ஆண்ட மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவுக்குக் கொண்டு போனார். பட்டேல் பதவியிழந்தார். அங்கே போனவர்களுக்குக் 'கஜுரியா' என்றே பெயர் வைத்தார்கள் குஜராத் மக்கள். முதல்வர் பக்கம் நின்றவர்கள் 'ஹஜூரியா'வாம். சிரிக்கத்தான் முடிந்தது மக்களால். (நாமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2017 பிப்ரவரியில் கூவத்தூர் போனது பேருந்தில் என்பது மட்டுமே வித்தியாசம்.)

விமானம் ஏன் இவ்வளவு பெரிதாகிவிட்டது என்று யோசித்தீர்களா? 1967ல் ஹரியானாவின் கயா லால் ஒரு பதினைந்து நாளைக்குள் மூன்று முறை கட்சி மாறினார். அவருக்கு விமானம் எதுவும் தேவைப்படவில்லை. தனி ஆளாய் மாறினார். இதைத் தடுக்க 1985ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் அது தாவல் அல்ல, பிளவு என்று அதிலேயே ஒரு வாசலும் வைத்தார்கள். 2003ல் அந்த வாசலை அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து வேறு கட்சியோடு இணைந்தால் பதவி போகாது என்ற வாசலை மட்டும் விட்டுவைத்தார்கள். விளைவு? சில்லறை வியாபாரம் மொத்த வியாபாரமானது! ஒருவர் தாவினால் குற்றம், கூட்டமாகத் தாவினால் குற்றமில்லை. அந்தக் கூட்டம் சேரும் வரை ஒருவர்கூட நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் வானம்.

பெரிய கேபின் கொண்ட சொகுசு ஜெட்டில்கூட சுமார் 15 பேர்தான் உட்கார முடியும். 40 பேர் என்றால் பயணிகள் விமானத்தையே மொத்தமாகப் பிடிக்க வேண்டும். பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வாடகை. இறக்கிவிட்டு விமானம் காலியாகத் திரும்பினால் அதற்கும் வாடகை. அங்கேயே நிறுத்தினால் நிறுத்தக் கட்டணம், விமானிகளுக்குத் தங்கும் செலவு. பொதுமக்களோடு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பத்திரிகையாளர் நெருங்குவதற்குள் கதவு சாத்தப்பட்டுவிடும்.

2022 ஜூன் 22 அதிகாலையில் சிவசேனையின் ஏக்நாத் ஷிண்டே அணியினர் சூரத்திலிருந்து குவாஹாட்டிக்குப் பறந்ததும் இப்படித்தான். சேனையின் 55 எம்.எல்.ஏ.க்களில் மூன்றில் இரண்டு பங்கு 37. அந்த எண்ணிக்கைக்காகவே அத்தனை பாடு. அப்போது அஸ்ஸாமில் என்ன நிலை தெரியுமா? வெள்ளம்! 50 இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். சில்சார் நகரம் தண்ணீருக்குள் கிடந்தது. அதே மாநிலத்தின் நட்சத்திர விடுதியில் பக்கத்து மாநிலத்தவர்கூட இல்லாத எம்.எல்.ஏ.க்கள் ஒரு வாரம் தங்கினார்கள். 29ஆம் தேதி கோவாவுக்கு மீண்டும் விமானம். அன்றிரவே உத்தவ் தாக்கரே விலகினார். மறுநாள் ஷிண்டே முதல்வர்.

ஆளுநர் வாக்கெடுப்புக்கு உத்தரவிட்டது சரியல்ல என்று 2023 மே 11ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாக்கரே வாக்கெடுப்பைச் சந்திக்காமலே விலகிவிட்டதால் பழைய அரசைக் கொண்டுவர முடியாது என்றும் சொன்னது. 2024 ஜனவரி 10ல் சபாநாயகர் தீர்ப்பளித்தார். இரு அணியிலும் ஒருவர் பதவிகூடப் போகவில்லை.

பில் தொகையைக் கொடுத்தது யார்? வேட்பாளராக நிற்கும்போது மாலைக்கும் தேநீருக்கும் நாற்காலி வாடகைக்கும் கணக்குக் காட்ட வேண்டும். பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளருக்கு 40 இலட்சம் ரூபாய்தான் உச்சவரம்பு. அப்போதே நட்சத்திரப் பேச்சாளர்களின் விமானச் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆவது பிரிவு விலக்குக் கொடுக்கிறது. ஜெயித்த பிறகு பறக்கும் பறப்புக்கோ கணக்குக் கேட்கக்கூட ஆளில்லை! இலவசமாக விமானம் பிடித்துக் கொடுக்கும் தர்மவான் யார்? நாளை அவர் என்ன ஒப்பந்தம் கேட்பார்?

நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முந்தைய முப்பது நாட்களில் எந்த எம்.எல்.ஏ. எந்த வாடகை விமானத்தில் ஏறினார், யார் பணம் கட்டினார் என்ற விவரம் அவையில் வைக்கப்பட வேண்டும். பயணிகள் பட்டியல் விமான நிறுவனத்திடம் இருக்கிறது. பில்லும் இருக்கிறது. புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை, கேட்டு வாங்கினால் போதும். வைக்காதவரின் ஓட்டை எண்ணக் கூடாது.

அடுத்த தேர்தலில் உங்கள் தெருவுக்கு வந்து பாயில் உட்கார்ந்து சலாம் சொல்லும் வேட்பாளரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, இதைக் கேளுங்கள்: "நாளைக்கு உங்கள் தலைவர் விமானத்தை அனுப்பினால் ஏறுவீர்களா?" என்ன பதில் வருகிறது என்பதை எங்களுக்கு எழுதுங்கள்.