புகழ் சென்று சேரும் வழி

கால்பந்தாட்டக்காரர் ஒருவரின் புகழ் அவருடைய திறனை மட்டும் சார்ந்ததன்று; அவர் ஆடும் தொடர், அது நடக்கும் ஊர், அதைக் காட்டும் தொலைக்காட்சி ஆகியவையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. 2024 ஜூனில் விடைபெற்றபோது இந்திய அணித்தலைவர் சுனில் சேத்ரி 94 சர்வதேச கோல்களுடன், ரொனால்டோ, அலி தாயி, மெஸ்ஸி ஆகியோருக்கு அடுத்து, ஆடவர் வரலாற்றில் நான்காம் இடத்தில் இருந்தார். ஆயினும் 2018இல் மும்பையில் சீன தைபே அணிக்கு எதிராக அவர் மூன்று கோல் அடித்த அன்று அரங்கில் ஏறத்தாழ 2,500 பேரே இருந்தனர். வந்து பாருங்கள், திட்டுவதானாலும் நேரில் வந்து திட்டுங்கள் என்று அவர் காணொளியில் வேண்டிக்கொண்ட பிறகே, கென்யாவுடனான அவரது 100ஆவது ஆட்டத்துக்குக் கூட்டம் திரண்டது.

அணித்தலைவரின் நிலையே இதுவென்றால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரியைக் கடந்ததும் வரும் கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசனின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய மகளிர் பட்டம் பெற்றபோதும், 2019இல் நேபாளத்தில் இந்தியா தெற்காசியக் கோப்பையை வென்றபோதும் அணியில் இருந்த அவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணிபுரிந்துகொண்டே ஆடியவர். உப்பென்றதும் தூத்துக்குடியை நினைப்பவர்கள், அதே உப்பு விளையும் மரக்காணத்தை நினைப்பதில்லை. ரொனால்டோவின் பெயர் பொறித்த சட்டை அணிந்து இக்கடற்கரையில் பந்து உதைக்கும் பிள்ளைகளும், தங்கள் கரையிலேயே பிறந்த இந்துமதியை அப்படித்தான் அறியாதிருக்கிறார்கள்.

இதற்குக் காரணங்கள் இரண்டு. அவர் நடுக்கள ஆட்டக்காரர், அதாவது தடுப்போரிடமிருந்து பந்தை வாங்கி முன்கள ஆட்டக்காரரிடம் சேர்ப்பவர். கோல் கணக்கையே பார்க்கும் கண்களுக்கு அந்த உழைப்பு எளிதில் தென்படுவதில்லை. இரண்டாவதே முதன்மையானது. 2016-17 பருவத்தில் தொடங்கிய இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்று, பல ஆண்டுகள் ஏதேனும் ஒரே ஊரில் சில வாரங்களில் நடந்து முடிந்தது. அதனால் மதுரையின் சேது எஃப்சி 2019இல் பட்டம் வென்றபோதும், அதை லூதியானாவில்தான் வென்றது. சொந்த ஊர் மக்கள் அதைக் காணவில்லை. ஒவ்வோர் அணியும் தன் ஊரிலும் எதிரணியின் ஊரிலும் ஆடும் முறை 2023-24 பருவத்தில்தான் வந்தது. காணாதவரை யார் கொண்டாடுவார்? இந்துமதியைக் கொண்டாடாதது மக்களின் குற்றமன்று. அவரைக் காட்டாதவர்களின் குற்றம்.

ஆகவே தமிழ் நாளிதழ்கள் ஐரோப்பிய லீக்குகளின் முடிவுகளுக்கு ஒதுக்கும் இடத்தில் நான்கு வரியை மகளிர் லீக்குக்கு ஒதுக்கி, எந்த ஆட்டம், எந்த நாள், எந்த ஊர் என்பதை முன்கூட்டியே வெளியிட வேண்டும்; மரக்காணம் முதல் கடலூர் வரையுள்ள பள்ளிகள் அதைப் படித்துத் தங்கள் மாணவிகளை அழைத்துச் செல்ல வேண்டும்.