முன்சக்கரம் முனகுவது ஏன்?



நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசையைச் செலுத்தவல்ல ஜீப் வகை வாகனங்களை வைத்திருப்போர் பலரும் கூறும் குறை ஒன்று உண்டு. "முன்சக்கரத்திலிருந்து ஏதோ சத்தம் வருகிறது. பட்டறையில் ஷாக் அப்சர்பரை மாற்றினார்கள், பிரேக்கை மாற்றினார்கள். பணம் போயிற்று; சத்தம் போகவில்லை" என்பதே அது. மலைத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்வோருக்கும், வளைகுடா நாடுகளின் மணற்பாதைகளில் வாகனம் ஓட்டும் நம் சகோதரர்களுக்கும் இது வெறும் செவி எரிச்சல் அன்று. முன்சக்கரமே வாகனத்தைத் திருப்புகிறது. அதனை நிறுத்துவதிலும் பெரும்பங்கு வகிக்கிறது. அதன் கோளாறை அறியாமல் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது, பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

ஆகவே, பாகத்தை மாற்றுமுன் சத்தத்தை விசாரியுங்கள். அஃது எப்பொழுது வருகிறது, எப்பொழுது மறைகிறது என்னும் இரு கேள்விகளுக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் வாகனத்தில் முன்சக்கரம் பேரிங்கின்மேல் சும்மா சுழல்கிறது. நான்கு சக்கர இழுவை வாகனத்திலோ, முன்சக்கரம் திரும்பவும் வேண்டும். திரும்பியவாறே இழுக்கவும் வேண்டும். அதற்காக ஆக்ஸில் தண்டின் முனையில் ஒரு மூட்டு வைக்கப்பட்டுள்ளது. பழைய ஜீப்புகள் பலவற்றில் இது சிலுவை வடிவ யுனிவர்சல் ஜாயிண்ட். வேறு பலவற்றில், 1926-ஆம் ஆண்டு ஆல்பிரட் ரெப்பா என்னும் பொறியாளர் வடிவமைத்த, உருண்டைக் குண்டுகள் கொண்ட சி.வி. ஜாயிண்ட். இம்மூட்டும், முன் டிஃபரென்ஷியலும், அதற்கு விசை கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்டும் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் வாகனத்தின் முன்புறத்தில் இல்லாதவை. சந்தேகத்திற்குரியவை கூடுவதால்தான் குழப்பமும் கூடுகிறது.

முதலில் செலவில்லாத சோதனைகளைச் செய்யுங்கள். சக்கர நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா எனப் பாருங்கள். மெதுவாகச் செல்லும்போது 'டக் டக்' என்று தட்டும் ஓசைக்குத் தளர்ந்த நட்டே காரணமாக இருக்கலாம். அப்படியே விட்டால் சக்கரமே கழன்றுவிடும். கரடுமுரடான பாதையில் சென்று வந்தபின் திடீரென்று 'கிரீச்' எனக் கத்தினால், பிரேக் தட்டுக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் இடையே சிறு கல் சிக்கியிருக்கலாம்.

அடுத்து, ஆளரவமற்ற நேரான சாலையில் நிதானமாக ஓட்டிப் பாருங்கள். பிரேக்கை மிதித்ததும் ஓசை மாறுமாயின் சந்தேகம் பிரேக்கின்மேல். வேகம் கூடக்கூட 'ஊம்' என்னும் ரீங்காரம் உயருமாயின் சந்தேகம் பேரிங்கின்மேலும் டயரின்மேலும். அவ்வேளையில் ஸ்டியரிங்கைச் சற்றே இடப்புறம் திருப்புங்கள்; பாரம் வலச்சக்கரத்தின்மேல் சாயும். ரீங்காரம் வலுத்தால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங்கே குற்றவாளி. வலப்புறம் திருப்பும்போது வலுத்தால் இடப்பக்கத்தைச் சந்தேகியுங்கள். காதை மட்டும் நம்பிப் பக்கத்தை முடிவு செய்யாதீர்கள். சத்தம் சட்டத்தின் வழியே பயணம் செய்து மறுபக்கத்தில் ஒலிப்பதுண்டு.

திசை மாறினாலும் ரீங்காரம் மாறாவிடில், முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் பூட்டுங்கள். சத்தமும் பின்னே சென்றுவிட்டால் பழி டயருக்கே உரியது. சேற்றுப் பாதைக்கான பெரிய பற்கள் கொண்ட டயர்கள் தார்ச்சாலையில் ரீங்கரிப்பது இயல்பே.

ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாக ஓட்டுகையில் 'கடக் கடக்' என்று ஒலித்தால் சி.வி. ஜாயிண்டைப் பாருங்கள். அதனை மூடியுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் கிரீஸ் வெளியே சிதறி, உள்ளே மண்ணும் நீரும் புகுந்திருக்கும்.

இனி, இவ்வகை வாகனத்திற்கே உரிய சிறந்த சோதனை ஒன்றைக் கூறுவோம். பல ஜீப்புகளில் முன்சக்கரத்தின் நடுவே கையால் திருப்பும் பூட்டு ஒன்று உண்டு. அதனை ஹப் என்பர். கியர் இருசக்கர இழுவையில் இருந்தாலும், ஹப் பூட்டப்பட்டிருந்தால் சக்கரத்தோடு ஆக்ஸில் தண்டும் டிஃபரென்ஷியலும் புரொப்பல்லர் ஷாஃப்டும் சேர்ந்தே சுழலும். ஹப்பை விடுவித்தால் அவை யாவும் ஓய்வெடுக்க, சக்கரம் மட்டுமே சுழலும். எனவே இரு பக்க ஹப்புகளையும் விடுவித்து, அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டுங்கள். சத்தம் மறைந்தால் கோளாறு ஆக்ஸில், மூட்டு, டிஃபரென்ஷியல், ஷாஃப்ட் ஆகியவற்றுள் ஒன்றில் உள்ளது. மறையாவிடில் பேரிங், பிரேக், டயர் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு ரூபாய் செலவின்றி சந்தேகப்பட்டியலைப் பாதியாக்கும் வழி இது. ஹப் பாதி பூட்டியும் பாதி விடுபட்டும் நின்றால் அதுவே கரகரவென அரைக்கும். இரண்டையும் முழுமையாகத் திருப்பியுள்ளீர்களா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். எப்பொழுதும் நான்கு சக்கர இழுவையிலேயே ஓடும் வாகனங்களுக்கு இச்சோதனை பொருந்தாது.

பழுதே இல்லாமலும் சத்தம் வருவதுண்டு. தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இழுவைக்கு மாற்றும் வாகனத்தை, அந்நிலையிலேயே காய்ந்த தார்ச்சாலையில் ஓட்டினால், வளைவுகளில் ஸ்டியரிங் கனத்து, வாகனம் முனகிக் குலுங்கும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் செல்கின்றன. அவ்வேறுபாட்டைத் தாங்க இடையில் எதுவும் இல்லாமையால் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்கின்றன. சேறும் மணலும் சக்கரத்தை வழுக்கவிடுவதால் அங்கே இச்சிக்கல் இல்லை. இருசக்கர இழுவைக்கு மாற்றுவதே மருந்து.

இறுதிச் சோதனைக்குச் சமதரை வேண்டும். பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங் தளர்ந்துள்ளது. நீடித்தால் கிங்பின் அல்லது பால் ஜாயிண்ட் தேய்ந்துள்ளது. இடத்தையும் வலத்தையும் பிடித்து அசைக்கையில் மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஸ்டியரிங் தண்டின் முனைகளைப் பாருங்கள். பிறகு சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். கரகரப்பு விரல்களுக்கே தெரியும்.

ஆற்றையோ ஆழமான நீரையோ கடக்கும் வாகனமாயின் பேரிங்கைக் கழற்றிப் பார்ப்பது நலம். கிரீஸ் பால்நிறமாய் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது என்று பொருள். கிரீஸோடு ஆயில் சீலையும் புதிதாக்க வேண்டும். பேரிங் நட்டைத் தளர விடுவது எவ்வளவு தவறோ, அளவுக்கு மீறி இறுக்குவதும் அவ்வளவு தவறே. வாகனத்தோடு வரும் கையேட்டில் கூறிய அளவே சரி.

டயரின் ரீங்காரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். தளர்ந்த நட்டும், ஆடும் பேரிங்கும், தேய்ந்த பால் ஜாயிண்டும் ஒருநாள்கூடப் பொறுக்கத்தக்கவை அல்ல. அவற்றைக் கண்டால் வாகனத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

பட்டறைக்குச் செல்லும்போது "சத்தம் வருகிறது" என்று மட்டும் கூறாமல், எந்த வேகத்தில், எந்தப் பக்கம் திரும்பும்போது, ஹப்பை விடுவித்தால் என்ன ஆயிற்று என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். நல்ல மெக்கானிக் அதனை மகிழ்வோடு வாங்கிப் படிப்பார். படிக்காமலேயே புதிய பாகங்களுக்குப் பட்டியல் எழுதத் தொடங்குபவரிடம் வாகனத்தை விட்டுவராதீர்கள்.