புளியங்கொட்டையாலும் கணிதம் படிக்கலாம்



1999 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், தரம் 1, 2 பிள்ளைகளுக்கு விளையாட்டையும் செயற்பாட்டையுமே முதன்மையாக்கியது. ஆனால் யாழ்ப்பாணப் பெற்றோராகிய நம்மில் பலர், கொப்பி நிரம்பினால்தான் படிப்பு நடந்ததென எண்ணுகிறோம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் அவசரம் தரம் 1 வரை இறங்கிவிட்டது.

புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணும் பிள்ளைக்கு இடப்பெறுமானம் தெளிவாக விளங்கும். சிரட்டையால் மணல் அளக்கும் பிள்ளை கொள்ளளவை அறியும். பனையோலையில் காற்றாடி மடிக்கும் விரல்கள் பென்சில் பிடிக்கவும் பழகும். இவையெல்லாம் வளவிலேயே கிடைப்பவை, செலவில்லை.

வலயக் கல்வி அலுவலகங்கள் பெற்றோரை அழைத்து இத்தகைய செயற்பாடுகள் நடக்கும் வகுப்புகளை நேரில் காட்ட வேண்டும். நாமும் வீடு திரும்பும் பிள்ளையிடம் "இண்டைக்கு என்ன எழுதினனீ?" என்பதோடு, "என்ன செய்தனீ?" என்றும் கேட்போம்.

ஒரு பெற்றோர்,
சாவகச்சேரி.