சோறு போடுவது மாநகராட்சியின் வேலை இல்லையாம்

சென்னை மாநகராட்சி நடத்தும் அம்மா உணவகங்களில் வரவைவிடச் செலவு பல மடங்கு மிகுதி என்ற தகவல் வரவு செலவுத் திட்டக் காலம் வந்தாலே புத்தம் புதிய செய்தியைப் போல வெளிவருவதும், அதைத் தொடர்ந்து, சாக்கடை அள்ள வேண்டிய மாநகராட்சி சட்டியையும் கரண்டியையும் தூக்கலாமா என்ற கேள்வி தொலைக்காட்சி விவாதங்களிலும் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டங்களிலும் வாட்ஸாப் குழுக்களிலும் ஒரே குரலில் எழுவதும் வழக்கமாகிவிட்டன. இம்முறையும் அக்கேள்வி தவறாமல் எழுந்திருக்கிறது. கேட்பவர்களில் பெரும்பாலோர் ஒரு ரூபாய் இட்லியைக் கண்ணால்கூடக் கண்டிராதவர்கள் என்பதும், அந்த இட்லியின் நட்டக் கணக்கு மட்டும் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம் என்பதும் கவனிக்கத்தக்கவை.

உணவு என்பது சந்தையின் பாடு, குடும்பத்தின் பாடு, மிஞ்சினால் ரேஷன் கடை வைத்திருக்கும் மாநில அரசின் பாடு. உள்ளாட்சிக்கு உரியவை குப்பை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவை மட்டுமே என்பதே இக்கேள்விக்குப் பின்னுள்ள நம்பிக்கையின் சாரம். ஆனால் உணவு அமைப்பு என்று துறை அறிஞர்கள் குறிப்பிடுவது, விளைவித்தல், கொண்டுசெல்லுதல், விற்றல், சமைத்தல், உண்ணுதல், எச்சத்தை அகற்றுதல் என்று நீளும் முழுச் சங்கிலியையே. இச்சங்கிலியில் மாநகராட்சியின் கை படாத கண்ணி எது என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். காய்கறி அங்காடியைக் குத்தகைக்கு விடுவதும், இறைச்சிக் கூடத்தை நடத்துவதும், ஓட்டலுக்குத் தொழில் உரிமம் வழங்குவதும், நடைபாதைக் கடையை அகற்றுவதும், நாள்தோறும் சேரும் 5,000 டன்னுக்கு மேற்பட்ட குப்பையில் பெரும்பங்காகிய அழுகிய காய்கறியையும் மீந்த சோற்றையும் கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் லாரியில் ஏற்றுவதும் மாநகராட்சியின் வேலைகள்தாம். இலையில் விழும் சோறு சந்தைக்கு உரியது, இலையில் மிஞ்சிய சோறு மட்டும் மாநகராட்சிக்கு உரியது என்ற இந்த அரிய பாகப்பிரிவினையை எந்த நிர்வாக நூல் வகுத்தது என்பதை நட்டக் கணக்கர்கள் இதுவரை தெரிவிக்கவில்லை.

அவர்கள் தெரிவிக்காத இன்னொன்றும் உண்டு. 1920இல் சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியின் மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு, அதாவது ரூபாயில் பதினாறில் ஒரு பங்குக்கு, மிகாமல் செலவிடலாம் என்பது ஏற்பாடு. அப்பள்ளிப் பிள்ளைகள் ஏழைகள், அதனால் பள்ளிக்கு வருவோர் தொகை குறைகிறது என்பதே தலைவர் சொன்ன காரணம். திட்டம் பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளிலும் 1922–23இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை 1924–25இல் 1,671 ஆயிற்று. சோறு போடுவது மாநகராட்சியின் வேலை அன்று என்று அன்று யாரேனும் மேசையைத் தட்டி வென்றிருந்தால், அந்தப் பிள்ளைகளுள் பாதிப் பேர் எழுத்தறியாமலே போயிருப்பர்; மாநகராட்சியின் பேரேடு மட்டும் மாசு மருவின்றி விளங்கியிருக்கும்.

அப்படி ஒருவர் வெல்லாமலும் இல்லை. தொடக்கக் கல்விக்கான நிதியைச் சிற்றுண்டிக்குச் செலவிட ஆங்கில அரசு இசையவில்லை. 1925இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. பாடம் சொல்வதற்குத்தான் பணம், பாடம் கேட்கும் வயிற்றுக்கு அன்று என்ற அந்தக் கோப்புக் குறிப்புக்கும், சாக்கடைக்குத்தான் வரி, சோற்றுக்கு அன்று என்ற இன்றைய விவாத மேடை முழக்கத்துக்கும் இடையே நூறாண்டுகள் கடந்திருப்பினும் கருத்தில் அரை அங்குலம்கூட நகர்ச்சி இல்லை. இடையில் ஆட்சி மாறியது, நாணயம் மாறியது, அணாவே ஒழிந்தது. கணக்கரின் மனம் மட்டும் மாறவில்லை. ஆயினும் ஆயிரம் விளக்கில் மூட்டிய அடுப்பு அணைந்தபடியே கிடக்கவில்லை. 1956இல் காமராசர் ஆட்சி மதிய உணவை மாநிலத் திட்டமாக்கியது, 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2001இல் உச்ச நீதிமன்றம் சமைத்த மதிய உணவை எல்லா மாநிலங்களின் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் வழங்க ஆணையிட்டது. 2022இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையின் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி ஒன்றில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. இன்று தில்லியும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு திட்டத்தின் மூத்த வடிவம் ஆயிரம் விளக்கு வட்டாரத்தின் உள்ளாட்சிப் பள்ளியில் ஓர் அணாவுக்குப் பிறந்தது என்பதை, உள்ளாட்சிக்கு உணவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் ஒருமுறையேனும் வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம்.

நட்டம் என்று சொல்லப்படும் இடத்துக்கு வருவோம். 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், பொங்கலும் சாம்பார் சாதமும் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய், மாலையில் இரண்டு சப்பாத்தி மூன்று ரூபாய். காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும்போது டோக்கனுக்கு நிற்பவர்கள், விடியுமுன் தெருவைப் பெருக்கி முடித்த துப்புரவுப் பணியாளர்கள், கோணிப்பை சுமந்து தோள் காய்த்தவர்கள், இரவுப் பணி முடித்த காவலாளிகள், அரசு மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்துவிட்டு வெளியூரிலிருந்து வந்து வராந்தாவில் படுத்திருப்பவர்கள். எவர்சில்வர் தட்டில் ஆவி பறக்கும் இட்லியை வாங்கி, நின்றபடியே பத்து நிமிடத்தில் உண்டு, தட்டைக் கழுவும் இடத்தில் வைத்துவிட்டுப் போகும் இவர்கள்தாம் நகரத்தை நகரமாக வைத்திருப்பவர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2020 ஊரடங்கின்போதும் பெரிய ஓட்டல்களும் செயலி வழி உணவு விற்பனையும் பெரிதும் முடங்கிக் கிடந்த நாள்களில் இந்த அடுப்புகள் எரிந்தன. கட்டணமின்றியே உணவு வழங்கப்பட்டது. வெள்ளம் வடிந்ததும் கணக்கர்கள் கரையேறி வந்து மீண்டும் நட்டத்தை எண்ணத் தொடங்கினர்.

தெருவிளக்கு எவ்வளவு இலாபம் ஈட்டியது என்று எவரும் கேட்பதில்லை. பூங்காவும் மழைநீர் வடிகாலும் ஆண்டு இறுதியில் ஈவுத்தொகை தருவதில்லை. பத்தாண்டுகளுக்கு மேலாக விலையை ஒரு காசும் உயர்த்தாமல், அரிசி தவிரப் பருப்பும் எண்ணெயும் எரிவாயுவும் ஏறிய விலையைச் சுமந்துகொண்டு ஓர் உணவகம் நடந்தால் செலவு வரவை மிஞ்சும் என்பது கண்டுபிடிப்பு அன்று, கூட்டல் கழித்தல். (நாடாளுமன்ற வளாகத்து உணவகத்தில் மக்களின் பிரதிநிதிகளுக்கு 2021 வரை மானிய விலையில் பரிமாறப்பட்டபோது இந்தக் கழித்தல் கணக்கு இவ்வளவு உரக்க ஒலித்ததாகத் தெரியவில்லை.) மானியம் என்பது பொருளின் விலைக்கும் வாங்குவோர் தரும் தொகைக்கும் இடையிலான வேறுபாட்டைப் பொது நிதி ஏற்பது, அது சட்டியில் விழுந்தால் வீண், மேம்பாலத்தில் விழுந்தால் வளர்ச்சி என்பது பொருளியல் ஆகாது, பழக்கம்.

இது தமிழ்நாட்டு அரசியல் கவர்ச்சி, வெளிநாடுகளில் இப்படி உண்டா என்று கேட்போருக்கு, அவர்கள் பெரிதும் மதிக்கும் வெளிநாட்டிலிருந்தே விடை கிடைக்கிறது. பிரேசில் நாட்டின் பெலோ ஒரிசோன்ச்சி நகரத்தில் 1993இல் மேயரான பாத்ருஸ் அனானியாஸ், உணவு வழங்கலுக்கென்றே நகராட்சிக்குள் ஒரு தனித் துறையை அமைத்தார். உணவு குடிமகனின் உரிமை, சந்தை தவறும் இடத்தில் நகராட்சி நிற்க வேண்டும் என்பது அத்துறையின் அடிப்படை. மக்கள் உணவகங்கள் மலிவு விலையில் பரிமாறின. நகராட்சி இடத்தில் கடை வைக்கும் தனியார் வணிகர், நல்ல இடத்துக்கு ஈடாக, இருபது வகை அளவிலான காய்கனிகளை நகராட்சி குறித்த விலையில் விற்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. சுற்றுப்புறச் சிறு விவசாயிகள் இடைத்தரகரின்றி நகருக்குள் நேரே விற்க இடம் ஒதுக்கப்பட்டது. இவ்வளவுக்கும் செலவு நகராட்சி நிதியில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு என்றே ஆய்வாளர்கள் குறிக்கின்றனர். 2003இல் பிரேசில் அரசு தொடங்கிய பசி ஒழிப்புத் திட்டத்துக்கு இந்நகரம் முன்மாதிரிகளுள் ஒன்றாயிற்று. மறு ஆண்டே அனானியாஸ் மத்திய அமைச்சரானார். ஊரில் தொடங்கி நாடு பின்தொடர்ந்த இதே பாதையை ஆயிரம் விளக்கு எழுபதாண்டுகளுக்கு முன்பே நடந்து காட்டியிருந்தது என்பதைத்தான் உள்ளூர் அறிஞர்கள் மறந்துபோனார்கள். கோபன்ஹேகன் நகராட்சி தன் பள்ளிகளிலும் முதியோர் இல்லங்களிலும் சமைக்கும் பொருள்களில் பத்தில் ஒன்பது பங்கு இயற்கை வேளாண் விளைபொருளாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்து, ஏறத்தாழ அதை எட்டியும் விட்டது. பொதுக் கொள்முதல், அதாவது அரசமைப்புகள் தம் தேவைக்குப் பொருள் வாங்கும் முறை, எவ்வளவு வலிய கருவி என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

சென்னையில் அக்கருவி துருப்பிடித்துக் கிடக்கிறது. நூற்றுக்கணக்கான உணவகங்களுக்கும் பள்ளிச் சமையற்கூடங்களுக்கும் வேண்டிய காய்கறியைத் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிறு விவசாயிகளிடம் ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கலாம்; கம்பும் கேழ்வரகும் பட்டியலில் சேரலாம்; பெரும்பாலும் வெள்ளை அரிசியே என்ற நிலை மாறலாம். இவை எதுவும் விவாதத்துக்கே வருவதில்லை, ஏனெனில் வேலையே இல்லை என்று முடிவு கட்டிவிட்ட ஒன்றை எப்படிச் செவ்வனே செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை. நல்ல சாம்பாரைக் கேட்க வேண்டிய குடிமகன் சாம்பாரே எதற்கு என்று கேட்கும் நாட்டில், சமைப்பவருக்கு வேறென்ன உந்துதல் இருக்கும்?

சட்டமும் இந்த மூடநம்பிக்கைக்கு ஒருவகையில் துணை நிற்கிறது. 1992இல் நிறைவேறிய அரசமைப்புத் திருத்தங்களின் வழியே ஊராட்சிகளுக்கென வகுத்த பதினொன்றாம் அட்டவணையின் 29 இனங்களில் வேளாண்மை, மீன்வளம், சந்தைகள், பொது வினியோகம் ஆகியவை பெயரிட்டே இடம்பெற்றிருக்கின்றன. நகராட்சிகளுக்கென வகுத்த பன்னிரண்டாம் அட்டவணையின் 18 இனங்களிலோ சுடுகாடு உண்டு, கால்நடைப் பட்டி உண்டு, இறைச்சிக் கூடம் உண்டு, உணவு இல்லை. கிராமத்தானுக்குத்தான் பசிக்கும், நகரத்தான் காற்றை உண்டு வாழ்வான் என்று எண்ணினார்கள் போலும். ஆனால் அட்டவணை எழுதப்படுவதற்கு எழுபதாண்டுகளுக்கு முன்பே ஆயிரம் விளக்கில் சிற்றுண்டி பரிமாறியாயிற்று. அட்டவணையைக் காட்டிப் பின்வாங்கும் எந்த அதிகாரியும் இதை மறுக்க முடியாது.

உணவு தன் வேலை இல்லை என்று நம்பும் மாநகராட்சி, உணவு விற்பவரை விரட்டுவது மட்டும் தன் வேலை என்று எப்படி உறுதியாக நம்புகிறது என்பது தனி ஆய்வுக்கு உரியது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில், அதாவது எங்கே யார் கடை வைக்கலாம் என்று முடிவுசெய்யும் குழுவில், பத்தில் நான்கு பங்குக்குக் குறையாத இடத்தை வியாபாரிகளுக்கே தருகிறது. நடைமுறையில் இட்லிக் கடைப் பாட்டி தன் அடுப்பை இழந்த பிறகே அப்படி ஒரு குழு இருப்பதைக் கேள்விப்படுகிறாள். மெரினா இணைப்புச் சாலையில் நொச்சிக்குப்பத்து மீனவர்கள் தலைமுறைகளாக மீன் விற்ற இடம், 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தபின், புல்டோசர்களால் அகற்றப்பட்டது. புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது 2024இல். இடைப்பட்ட ஓராண்டுக்கு மேல், மீன் எப்போதும்போல் வலையில் விழுந்துகொண்டுதான் இருந்தது. போக்குவரத்து நெரிசலுக்குக் காரணம் கூடையோடு குந்தியிருந்த பெண்களே தவிர, வரிசையாக நின்ற கார்கள் அல்ல என்ற கண்டுபிடிப்புக்கும் ஒரு பரிசு தரலாம். இலண்டனில் 2019 முதல் நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் பேருந்துகளிலும் இரயில் நிலையங்களிலும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களின் விளம்பரத்துக்குத் தடை இருக்கிறது. இங்கே பேருந்து நிழற்குடையில் குளிர்பானம் புன்னகைக்கிறது, அதன் நிழலில் மோர் விற்றவர் அபராதம் கட்டுகிறார்.

இவற்றையெல்லாம் மன்றத்தில் எழுந்து கேட்க மாமன்ற உறுப்பினர்கள் வேண்டும். சென்னைக்கு 2016 முதல் 2022 வரை ஐந்தாண்டுகளுக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தியாகராயர் காலத்தில், வெள்ளையன் ஆட்சியில், வாக்குரிமை சொற்பமாக இருந்தபோதும், ஆயிரம் விளக்குப் பிள்ளைகளின் பசியைப் பேச ஒரு மன்றம் கூடியது. குடியரசின் ஒரு பெருநகரம் அந்தச் சிற்றுண்டித் தீர்மானத்தின் நூற்றாண்டு நிறைந்த 2020ஐத் தனி அலுவலரின் கையெழுத்தில் கழித்தது. நட்டக் கணக்கர்களில் ஒருவரும் அந்த ஆண்டுகளின் நட்டத்தை எழுதிவைக்கவில்லை.

அவர்கள் எழுதாமல் விட்ட செலவு இன்னொன்றும் இருக்கிறது. உணவகங்களில் மாவு அரைத்து, இட்லி ஊற்றி, அண்டா கழுவுபவர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள். இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் தொடங்கிய வேலை இன்றும் நாள்கூலி வேலைதான். நீதியான உணவு அமைப்பு என்பது உண்பவருக்கு மட்டுமன்றி, விளைவிப்பவருக்கும் சமைப்பவருக்கும் நியாயம் செய்யும் அமைப்பைக் குறிக்குமானால், இப்பெண்களுக்கு நிரந்தர ஊதியமும் விடுப்பும் வருங்கால வைப்பு நிதியும் தரப்பட வேண்டும். அவ்வாறு தந்தால் இப்போது அழுது புலம்பப்படும் நட்டம் இன்னும் கூடும், அதையும் மாநகராட்சி ஏற்கத்தான் வேண்டும்.